கத்திரி வெயிலில் வீட்டிலேயே கப்கேக் அலங்கரிக்கலாமா?

கேள்வி இதுதான்: "கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். மே மாதக் கடைசியில் மகளுக்கு 9 வயது முடிகிறது. கேக் வெட்டிக் கைதட்டி அனுப்பாமல், வருகிற பிள்ளைகள், அத்தை, சித்தி, பாட்டி என எல்லாரும் உட்கார்ந்து கப்கேக் அலங்கரிக்கிற மாதிரி வைக்கலாம் என்று ஆசை. 12 பேர் வருவார்கள். எனக்குக் கேக் சுமாராக வரும், கிரீம் சுத்தமாக வராது. இந்த வெயிலில் உருகிவிடுமா? என்னென்ன வாங்கணும்? கடைசியில் மீந்ததை என்ன செய்வது?"

தாராளமாக வையுங்கள். உருகத்தான் செய்யும், ஆனால் சமாளிக்கலாம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 12 வருஷமாக வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறேன். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து இந்த மாதிரி மேசை போட்டதும் நிறைய உண்டு. இரண்டு தடவை மொத்தமாகச் சொதப்பியும் இருக்கிறேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. சமையல் வேறு, விளையாட்டு வேறு. இரண்டையும் ஒரே நாளில் ஒரே மேசையில் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள்தான் "இனிமே இந்த வேலையே வேண்டாம்பா" என்று கும்பிடு போடுகிறார்கள். கேக் முந்தின நாளே வெந்து ஆறியிருக்கணும். கிரீம் அன்று காலையில் நீங்கள் தனியாக அடித்து, நிறம் கலந்து, பையில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கணும். வருகிறவர்கள் கைக்கு விளையாட்டு மட்டும்தான் போகணும். பிள்ளைகளை மாவு கலக்க விடலாமே என்று தோன்றும். இன்னொரு நாள், உங்கள் பிள்ளையோடு மட்டும் செய்யுங்கள்.

பெரிய கேக்கைவிட கப்கேக் ஏன் இதற்குத் தோது என்றால், பெரிய கேக்கில் கத்தி ஒருத்தர் கையில், மற்றவர்கள் வேடிக்கை. கப்கேக்கில் ஆளுக்கொரு வாசல், அவரவர் கோலம். கோணலாய்ப் போட்டாலும் பக்கத்து வாசலுக்கு அது பிரச்சினை இல்லை.

கேக் பாகத்தை வேகமாகச் சொல்லி முடிக்கிறேன். 12 கப்கேக்குக்கு மைதா, சர்க்கரை, வெண்ணெய் மூன்றும் 125 கிராம் வீதம், 2 முட்டை, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 3 மேசைக்கரண்டி பால். இது எப்போதும் கைவிடாது. உங்களுக்கு 24 வேண்டும், ஆளுக்கு இரண்டு. அதில் பாதியை முட்டையில்லாமல் செய்துவிடுங்கள். நம் வீடுகளில் "இன்னைக்கு வெள்ளிக்கிழமை, நான் முட்டை தொடமாட்டேன்" என்று ஒருத்தராவது கடைசி நிமிஷத்தில் சொல்வார். ஒன்றரைக் கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, ஒரு கப் கெட்டித் தயிர், அரைக் கப் எண்ணெய், ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சோடா. தயிரில் பேக்கிங் பவுடரையும் சோடாவையும் போட்டு, நுரைத்து வந்ததும் மற்றதைக் கலந்தால் போதும். முட்டை போட்டதற்கு ஒரு நிறக் காகிதக் கப், போடாததற்கு வேறு நிறம். இதை மறந்தால் அப்புறம் சமாதானம் பேசவே நேரம் போய்விடும்.

கப்பில் முக்கால் பாகத்துக்குக் கொஞ்சம் கீழேயே மாவை நிறுத்துங்கள். 170 டிகிரியில் 18 முதல் 20 நிமிஷம். சூடு அதிகமானால் நடுவில் கூம்பாக எழும்பி வெடிக்கும், அதன்மேல் கிரீம் உட்காராது. ஓவன் இல்லையென்றால் கனமான பாத்திரத்தில் உப்புப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, மூடிச் சூடாக்கிச் சின்ன டின்களில் நாலைந்தாகச் சுடலாம். அதற்கும் பொறுமை இல்லையா, தெருமுனை பேக்கரியில் கிரீம் இல்லாத வெறும் கப்கேக்காக 24 சொல்லி வாங்கிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அன்றைய கதையே மேலே நடக்கப்போவதுதான்.

ஆறியிருக்கணும் என்று சொன்னேன் இல்லையா, அது என் முதல் சொதப்பல். அண்ணன் மகள் பிறந்தநாளுக்கு அவசரத்தில் இளஞ்சூடாக இருக்கும்போதே பிழிந்து வைத்தேன். பார்க்க ரோஜா மாதிரி அம்சமாக நின்றது. மூன்று நிமிஷத்தில் அடிவெண்ணெய் பளபளக்க ஆரம்பித்தது. அப்புறம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை தொட்ட மணல்வீடு மாதிரி ஒவ்வொன்றாக ஒரு பக்கமாய்ச் சரிந்தது. தொட்டுப் பார்த்தால் சூடு தெரியாது, உள்ளே இருக்கும். சுட்ட பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் ஆற விடுங்கள். முந்தின நாளே சுட்டு, ஆறினதும் டப்பாவில் மூடி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இப்போது கிரீம். இதில்தான் நிதானமாக நிற்கணும், ஏனென்றால் வெளியூர் வீடியோக்களில் காட்டுகிற எதுவும் நம்மூர் மே மாதத்தில் அப்படியே வராது.

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். கத்திரியில் வெளியே 38, 40 போகிற நாளில், மின்விசிறி மட்டும் சுற்றுகிற அறையில் உட்கார்ந்தால் அந்த எல்லையிலேயே உட்கார்ந்திருக்கிறோம். போதாததற்குப் பையைப் பிடிக்கிற கையின் சூடு வேறு. சின்னப் பிள்ளைகள் உள்ளங்கை இன்னும் சூடு, விடவும் மாட்டார்கள், அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். அதனால் கிரீமில் ஒரு பாதி வேலை, நேரத்திலும் பையிலும் ஒரு பாதி வேலை.

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

கடையில் ஐஸ் கட்டியாக உறைந்து டெட்ரா பெட்டியில் வருகிற, பால் சேராத விப்பிங் கிரீம். பேக்கரிக் கேக்கில் நீங்கள் சாப்பிடுவது பெரும்பாலும் இதுதான். முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, உள்ளே இன்னும் நறநறவென்று ஐஸ் இருக்கும்போதே அடிக்கணும். மூன்று நான்கு மடங்கு பொங்கும். லேசான இனிப்பு, பெரியவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் வெயிலில் அரை மணி நேரத்தில் தொய்ந்து, ஓரத்தில் நீர் விடும். பக்கத்தில் இருக்கும் ஃப்ரெஷ் கிரீம் பெட்டியை எடுத்து அடித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் கொழுப்பு 25 சதவீத அளவில்தான், பொங்கி நிற்க 30-க்கு மேல் வேண்டும். எவ்வளவு அடித்தாலும் மோராகத்தான் நிற்கும்.

இரண்டாவது, வெண்ணெய் கிரீம். நான் உங்களுக்குச் சொல்வது இதைத்தான், ஒரு சின்ன மாற்றத்தோடு. 450 கிராம் கொழுப்புக்கு 750 கிராம் ஐசிங் சர்க்கரை. அந்த 450-இல் 300 வெண்ணெய், 150 வனஸ்பதி அல்லது பேக்கரிக் கடைகளில் கிடைக்கும் ஷார்ட்டனிங். முகம் சுளிக்காதீர்கள். நாம் சின்ன வயதில் சாப்பிட்ட அந்த இளஞ்சிவப்பு ரோஜாக் கேக், மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுமே, அது முழுக்க டால்டாவும் சர்க்கரையும்தான். இதில் மூன்றில் ஒரு பங்குதான் போடுகிறோம், வெண்ணெயின் ருசிதான் முன்னால் நிற்கும், வெறும் வெண்ணெயைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடும் தாங்கும். டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து சட்டமும் இருக்கிறது, பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கொழுப்பை மட்டும் முதலில் ஐந்து நிமிஷம் அடிக்கணும். மஞ்சள் வெளுத்து, கிரீம் அடிக்கிற பீட்டரின் சத்தம் கனமான 'கர்'ரிலிருந்து லேசான 'சர்'ருக்கு மாறும். அதுவரை சர்க்கரை போடாதீர்கள். "கிரீம் வராது" என்கிறீர்களே, பத்துக்கு எட்டுப் பேருக்கு வராமல் போகிற இடம் இதுதான், இரண்டாவது நிமிஷத்திலேயே சர்க்கரையைக் கொட்டிவிடுகிறார்கள். பிறகு சர்க்கரையை மூன்று தடவையாகப் போட்டு, இரண்டு மூன்று கரண்டி பால், வெனிலா. சர்க்கரையை வீட்டு மிக்சியிலேயே சோளமாவு ஒரு கரண்டி சேர்த்து அரைக்கலாம், ஆனால் மெல்லிய துணியில் சலிக்காமல் விடாதீர்கள். ஒரே ஒரு குருணை போதும், பை முனையில் மாட்டுகிற சின்ன நாசில் அடைத்துக்கொள்ளும், பிள்ளை பலம் கொண்ட மட்டும் அமுக்கும், பை பின்பக்கம் வெடிக்கும். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பச்சைக் கறை இன்னும் இருக்கிறது.

மூன்றாவது, சாக்லெட் கனாஷ். 400 கிராம் டார்க் சாக்லெட்டுக்கு 200 கிராம் ஃப்ரெஷ் கிரீம், அதே 25 சதவீதக் கிரீம் இதற்குப் போதும். கிரீமின் ஓரத்தில் குமிழ் வந்ததும் இறக்கி, நறுக்கிய சாக்லெட்மேல் ஊற்றி, இரண்டு நிமிஷம் தொடாமல் விட்டுக் கலக்கினால் பளபளவென்று சேரும். மூடி வைத்தால் சில மணி நேரத்தில் அரைத்த மருதாணி மாதிரிப் பதத்துக்கு வரும். நம் வெயிலுக்கு இதுதான் ராஜா. ஒரே குறை, நிறம் ஏற்ற முடியாது. அதனால் 8 கப்கேக்குக்குக் கனாஷைக் கத்தியால் சமமாகத் தடவி வைத்துவிடுங்கள், அவை கரும்பலகை. மற்றவற்றுக்கு வெண்ணெய் கிரீம்.

அளவு கேட்பீர்கள். நட்சத்திர நாசிலில் சுருட்டிப் பிழிந்தால் ஒன்றுக்கு 35, 40 கிராம் போகும். கத்தியால் தடவினால் 20, 25 போதும். மேலே சொன்ன அளவில் 1200 கிராம் வரும். தாராளம், ஏனென்றால் கால்வாசி வாய்க்குள்தான் போகும்.

நிறத்தில் ஒரு விஷயம். கடையில் கிடைக்கும் உப்பு வெண்ணெய் மஞ்சள். அதில் நீலம் கலந்தால் கடல் வராது, ஏரி வரும். சில்வர் பீச் செய்யலாம் என்று ஒரு தடவை உட்கார்ந்தோம், வீராணம்தான் கிடைத்தது. உப்பில்லாத வெள்ளை வெண்ணெய் வாங்குங்கள். அப்படியும் மஞ்சள் தட்டினால் பல்குத்தி முனையில் துளி ஊதா தொட்டுக் கலந்துவிட்டுப் பிறகு நீலம் போடுங்கள். நீர் நிறம் வேண்டாம், கிரீமைத் திரிய வைக்கும். ஜெல் நிறம் வாங்குங்கள், அதையும் கொஞ்சம் குறைவாகவே போடுங்கள். வைத்திருக்க வைத்திருக்க நிறம் ஏறும், காலையில் ரோஸாக இருந்தது மாலையில் சிவப்பாகிவிடும். மூன்று நிறம் போதும், வெள்ளையோடு நான்கு. ஏழு நிறம் வைத்தால் எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரே சாம்பல்தான்.

நிறப் பெட்டியில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் பார்த்து வாங்குங்கள். உணவில் சேர்க்க இங்கே அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் 8 மட்டும்தான். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்கிற துணிச்சாயம் இருந்ததைக் கண்டுபிடித்து முதலில் புதுச்சேரியிலும், அடுத்த சில நாளில் தமிழ்நாட்டிலும் அதைத் தடை செய்தார்களே, ஞாபகம் இருக்கும். உதிரியாகப் பொட்டலத்தில் மடித்துத் தருகிற பொடியை விலை குறைவு என்று தொடாதீர்கள்.

காம்பவுண்டுச் சுவரில் சங்குப்பூ இருந்தால் உங்களுக்கு ஒரு வித்தை கையில் இருக்கிறது. பூவை வெந்நீரில் ஊற வைத்து நன்றாகச் சுண்டக் காய்ச்சி, ஒரு கரண்டி நீலச் சாறை ஐசிங் சர்க்கரையில் குழைத்தால் வெளிர்நீலத் தண்ணீர்க் கிரீம். பிள்ளைகள் முன்னால் இரண்டு சொட்டு எலுமிச்சை விடுங்கள், கண்ணெதிரே ஊதாவாகும். புளிப்பு பட்டால் அந்தப் பூவின் நிறமி மாறும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் பத்து நிமிஷத்துக்கு யாரும் கைப்பேசியைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பீட்ரூட்டும் இதே மாதிரி நல்ல ரோஸ் தரும், கொஞ்சமாகப் போட்டால் காய் வாசம் வராது.

வாங்க வேண்டியது ரொம்பக் கிடையாது. பிளாஸ்டிக் பைப்பிங் பை ஒரு கட்டு, நாசில் நான்கு. 1எம் என்கிற பெரிய நட்சத்திரம், 352 என்கிற இலை, 233 என்கிற புல், அப்புறம் கோடு போட 2 அல்லது 3 எண்ணுள்ள சின்ன வட்டம். இந்த எண் சொன்னால் எந்தக் கேக் சாமான் கடையிலும் எடுத்துத் தருவார்கள். 50, 100 நாசில் அடங்கிய பெட்டியைக் காட்டி ஆசை காட்டுவார்கள். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது, 12 வருஷத்தில் 9 நாசில்தான் அழுக்கானது. பிள்ளைகளுக்குப் பிடித்த நாசில் 233தான். ஓட்டை ஓட்டையாக இருக்கும், அமுக்கினால் இடியாப்பம் மாதிரி வரும், புல், தலைமுடி, பூனைக்குட்டி எதுவும் செய்யலாம்.

மேலே தூவுவதற்குக் கலர் பந்துகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள். நம் கடலோர ஈரக்காற்றில் அவை சாயம் விட்டு ஒழுகும். சீரக மிட்டாய் நிற்கும். ஜெம்ஸ், டூட்டி ஃப்ரூட்டி, உடைத்த கடலைமிட்டாய், வறுத்த தேங்காய்த் துருவல், பொரி. பண்ருட்டி முந்திரி உங்களுக்குப் பக்கம்தானே, முழு முந்திரி ஒன்றை நீலக் கிரீமில் கவிழ்த்தால் நிலா, நிமிர்த்தினால் தோணி. மேரி பிஸ்கட்டைப் பொடித்து ஓரத்தில் ஒட்டினால் கடற்கரை மணல். வேஃபர் குச்சியில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்டு நட்டால் கலங்கரை விளக்கம். சர்க்கரைப் பிசையில் செய்கிற ஃபாண்டன்ட் பொம்மை மட்டும் வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் வியர்த்து, கை கால் தொங்கிப் போய்விடும். பார்க்கப் பரிதாபமாக இருக்கும்.

அந்த நாள் மேசையைப் பற்றிச் சொல்லணும். செய்தித்தாள் விரிக்காதீர்கள், மை ஒட்டும். ஆளுக்கொரு வாழை இலை போடுங்கள். அதுவே தட்டு, அதுவே வேலை செய்யும் பலகை. சிந்தினாலும் வழித்து நக்கலாம், முடிந்ததும் மடித்துக் குப்பையில் போட்டால் மேசை பளிச். இலைக்கு வலப்பக்கம் ஈரத்துணி, இடப்பக்கம் சின்னக் கிண்ணங்களில் தூவுவது. பையைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஒரே நிறத்துக்கு இரண்டு பை, ஒன்று கையில், ஒன்று ஃப்ரிட்ஜில். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். கிரீம் மினுமினுக்க ஆரம்பித்தால் பை மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். கரண்ட் போனால் இருக்கட்டும் என்று ஒரு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வையுங்கள், புதுப் பெட்டியாக, மீன் வந்த பெட்டியாக அல்ல. இப்படி ஒரு தடவை நடந்ததால்தான் சொல்கிறேன். என் இரண்டாவது சொதப்பல் அது, 30 கப்கேக்கிலும் லேசாக வஞ்சிரம் வாசம்.

எறும்பை மறந்துவிடாதீர்கள். மேசைக் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். பாட்டி காலத்து வேலை, இதைவிட நல்லது எதுவும் இல்லை.

நேரம், காலை 10 மணி அல்லது மாலை 5 மணிக்குப் பிறகு, கடற்காற்று வீட்டுக்குள் வருகிற நேரம். ஏசி அறை இருந்தால் 24-இல் வைத்து எல்லாரையும் தரையில் பாய் போட்டு உட்கார வையுங்கள், எறும்புக் கிண்ணக் கவலையும் பாதி குறையும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அதற்குமேல் பிள்ளைகள் கிரீமை ஒருத்தர் மூக்கில் ஒருத்தர் வைக்க ஆரம்பிப்பார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் கேக் முடிந்த பிறகு.

பிழியக் கற்றுக்கொடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. மருதாணி கோன் பிடித்தவருக்கு, முறுக்கு பிழிந்தவருக்குக் கை ஏற்கெனவே தெரியும். பையின் வாயை முறுக்கி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் சிக்க வைத்து, மேலிருந்து அமுக்கணும். நடுவில் பிடித்து அமுக்கினால் இரண்டு பக்கமும் பிதுங்கும். இன்னொரு கை வெறுமனே திசை காட்ட. வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே சுற்றி வந்து, அமுக்குவதை நிறுத்திவிட்டுப் பிறகு தூக்கணும். அமுக்கிக்கொண்டே தூக்கினால் வால் நீளும். முதல் சுற்றை இலைமேலேயே பிழிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்தது. என் மாமியாருக்கு 74 வயது. எல்லாரும் மேசையில், அவர் மட்டும் ஊஞ்சலில். "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம், புள்ளைங்க பண்ணட்டும்." என் மகன் கனாஷ் தடவின கப்கேக் ஒன்றையும் வெள்ளைக் கிரீம் பையையும் அவர் மடியில் வைத்துவிட்டு வந்துவிட்டான். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, பையை முகர்ந்து பார்த்தார். நாசில் முனையைக் கேக்கில் தொடாமல் ஒரு நெல் உயரத்தில் பிடித்து, டக், டக், டக் என்று மூன்று புள்ளி. மேலே ஒன்று, கீழே ஒன்று. நேர்ப்புள்ளி, மூன்றில் தொடங்கி ஒன்றில் முடியும், மொத்தம் ஐந்தே புள்ளி. அதைச் சுற்றிக் கை எடுக்காமல் ஒரு சிக்குக் கோலம். உள்ளங்கை அகலம்கூட இல்லாத இடத்தில், கோடு எங்கேயும் தடிக்கவும் இல்லை, அறுபடவும் இல்லை. நான் காசு கட்டி மூன்று நாள் வகுப்புக்குப் போய்க் கற்றது அது. "மாவுன்னா கையில நிக்கும், இது வழுக்குது" என்றார், குறையாகத்தான். அப்புறம் பிள்ளைகள் ஊஞ்சலைச் சுற்றி வரிசை கட்டினார்கள், மற்ற ஏழு கனாஷும் அவர் பக்கம் போய்விட்டது. அதனால்தான் உங்களுக்கும் எட்டு சொன்னேன். உங்கள் வீட்டுப் பாட்டிக்குப் புல் நாசிலைக் கொடுக்காதீர்கள், 2-ஐக் கொடுங்கள்.

விளையாட்டாக என்ன வைக்கலாம் என்றால், நான் வைப்பது ஒன்றுதான். முதல் கப்கேக் அவரவருக்கு. இரண்டாவதுக்குச் சீட்டுக் குலுக்கிப்போட்டு, யார் பெயர் வருகிறதோ அவருக்காகச் செய்யணும், கடைசிவரை சொல்லக் கூடாது. பெரியவர்கள்தான் இதில் அதிகம் திணறுவார்கள். ஒரு சித்தப்பா தன் மைத்துனருக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு பஜ்ஜி வரைந்து வைத்தார். எல்லாரும் ஒரே பார்வையில் யாருக்கென்று சொல்லிவிட்டார்கள்.

பெயர் எழுதுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ட, ப, ய, ம எழுத எளிது, நேர்க்கோடும் மிஞ்சினால் ஒரு வளைவும். அ, இ, ஞ, ண போட்டால் முதல் எழுத்திலேயே கேக் முடிந்துவிடும். 'அத்தை' என்று எழுதக் கிளம்பி 'அ'வோடு நின்ற கேக்குகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

போட்டி வைக்காதீர்கள், பரிசு கொடுக்காதீர்கள். நான் ஒரே ஒரு வருஷம் முதல் பரிசு என்று ஒரு டப்பா கலர் பென்சில் கொடுத்தேன். ஒரு பிள்ளை அழுதது, சரி, பிள்ளை. ஆனால் இரண்டு ஓரகத்திகள் பொங்கல் வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை.

வருகிறவர்களில் யாராவது "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று ஆரம்பிப்பார். ஒரு வகையில் சரிதான். சின்னக் கிண்ணத்தில் கேக் சுடச் சொல்லும் குறிப்பு 1796-இலேயே அமெரிக்கச் சமையல் புத்தகத்தில் இருக்கிறது. கப்பில் சுட்டதால் அந்தப் பெயர் என்பார்கள், கப்பால் அளந்ததால் என்பாரும் உண்டு, 1 கப் வெண்ணெய், 2 கப் சர்க்கரை, 3 கப் மாவு, 4 முட்டை என்கிற பழைய கணக்கு அது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர் என்பதால் கப்கேக் இங்கே அப்படி வந்ததோ என்று கேட்பார்கள். இல்லை. இங்கே பிரெஞ்சும் தமிழும் கலந்த பழைய கிரியோல் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்தது விவிக்கம் கேக், ரவையும் வெண்ணெயும் முந்திரியும் ரம்மில் ஊறிய பழமும் போட்டது. அதற்குமேல் கிரீம் வைத்தால் பாவம். நம்மவர்களுக்குச் சோற்றை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வட்டமாக உட்காரத் தெரியும், அந்த வட்டத்துக்குள் எதுவும் வரலாம் என்று சொல்லிவிட்டு அவர் கையில் ஒரு பையைக் கொடுத்துவிடுங்கள். பேச்சு நிற்கும்.

முடித்த கப்கேக்கை வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்களுக்குக் குழி வைத்த அட்டைப் பெட்டி வாங்கி வையுங்கள். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இறுகிய பிறகு கொடுங்கள். காரில் போனால் மடியில் வைக்க வேண்டாம், கால் வைக்கும் தரையில் வைக்கச் சொல்லுங்கள், அது சமமாகவும் இருக்கும், ஏசி காற்றும் படும். முத்தியால்பேட்டையிலிருந்து கடலூருக்கு ஸ்கூட்டரில் 24 கப்கேக் எடுத்து வந்த கதை என்னிடம் இருக்கிறது. வேகத்தடைகளை எண்ணி வைத்திருக்கிறேன், அதற்குமேல் சொல்ல விரும்பவில்லை. வெண்ணெய் கிரீம் போட்டதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிஷம் கழித்துத்தான் சாப்பிடணும், இல்லையென்றால் மெழுகு தின்கிற மாதிரி இருக்கும். நம் வெயிலில் இருபதே போதும்.

மீந்த கிரீமைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிறவாரியாக டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம் தாராளமாக இருக்கும், எடுத்து இளக வைத்து மறுபடி அடித்தால் பழைய பதம் வந்துவிடும். நிறங்கள் கலந்துபோன சாம்பல் கிரீமைத் தூக்கி எறியாதீர்கள். அதில் இரண்டு கரண்டி கோகோ போட்டுக் கலக்கிவிட்டு, இரண்டு மேரி பிஸ்கட்டுக்கு நடுவில் தடவி, மறுநாள் காலையில் டீயோடு வையுங்கள். எங்கள் வீட்டில் கப்கேக்கைவிட அதற்குத்தான் சண்டை.